பளபளப்பு தராத மருந்து: பழைய ராணுவத் தோலுக்கு க்ளூசெல் ஜி

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், தோளில் மாட்டும் பழைய ராணுவத் தோட்டாப் பட்டை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தேன். உள்ளங்கை முழுவதும் செங்கல்லைத் தேய்த்தது போலச் சிவந்திருந்தது. விரித்திருந்த சாக்கின் மேலும் அதே சிவப்புத் தூள். கடைக்காரர், "கொஞ்சம் எண்ணெய் தடவுங்கள் ஐயா, புதிதாகிவிடும்" என்றார். பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டேன். அங்கேயே விட்டிருந்தால், அடுத்து வாங்குபவர் அவர் சொன்னபடியே எண்ணெய் தடவியிருப்பார்.

வாணியம்பாடியில் ஒரு தோல்ஷாப்பின் சோதனைக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் நான். தோலைப் பதனிடுவதுதான் என் தொழிலாக இருந்தது. பதனிட்ட தோல் நூறு வருடம் கழித்து எப்படிச் சாகிறது என்பதை ஓய்வுபெற்ற பிறகு, பழைய ராணுவப் பொருட்களைச் சேர்க்கத் தொடங்கியபோதுதான் கற்றுக்கொண்டேன். இப்போது என்னிடம் பதினேழு உருப்படிகள் இருக்கின்றன. வார்கள், கைத்துப்பாக்கி உறைகள், ஒரு தொலைநோக்கிப் பெட்டி, இரண்டு சாம் பிரவுன் கச்சைகள் (தோள்வாரோடு கூடிய, அதிகாரிகளின் இடுப்பு வார்), இந்தத் தோட்டாப் பட்டை. அவற்றில் பதினோரு உருப்படிகளுக்கு, உதிரும் தோலைப் பிணைக்கும் க்ளூசெல் ஜி என்ற மருந்தைப் பூசி மூன்று வருடம் ஆகிவிட்டது. ஒரு மருந்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அந்த அளவு காலமாவது வேண்டும் என்று நினைத்துக் காத்திருந்துதான் இதை எழுதுகிறேன்.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். தோல் சிவந்து தூளாக உதிர்வதை ஆங்கிலத்தில் ரெட் ராட் என்கிறார்கள். கரும்பில் வரும் செவ்வழுகலுக்கும் அதே பெயர்தான், ஆனால் இது கிருமியால் வருவதில்லை. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல், காற்றிலுள்ள கந்தக வாயுவை உறிஞ்சிக்கொள்கிறது. அது தோலுக்குள்ளேயே கந்தக அமிலமாக மாறுகிறது. அமிலம் நாரை அறுக்கிறது. மேல்தோல் பொரிந்து, உள்ளே இருக்கும் நார் பொடியாகி, கைபட்டால் கொட்டுகிறது. நிலக்கரிப் புகையும் வாயு விளக்கும் நிறைந்திருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு நகரங்களில் நூலகம் நூலகமாகப் புத்தக அட்டைகள் இப்படி உதிர்ந்தன. லண்டனில் கலைச் சங்கம் ஒரு குழுவை அமைத்து இதை ஆராய்ந்தது. 1905-இல் புத்தகமாக வந்த அதன் அறிக்கையில், கிழக்கிந்தியாவில் பதனிட்ட ஆட்டுத்தோல் புத்தகக் கட்டுக்கு மிக மோசமானது என்று எழுதியிருக்கிறார்கள். கிழக்கிந்தியா என்றால் பெரும்பாலும் நம் ஆவாரம்பட்டைத் தோல்தான். படித்தபோது மனம் வலித்தது. ஆனால் வேதியியல் அவர்கள் பக்கம்தான் இருக்கிறது. ஆவாரம்பட்டையில் இருக்கும் துவர்ப்பொருள் வகை இந்த அமிலத்தைத் தாங்காது. கடுக்காயின் துவர்ப்பு எவ்வளவோ மேல். நம்மவர்கள் ஆவாரத்தில் பதனிட்டுவிட்டுக் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் போட்டெடுத்தது நிறத்துக்காக மட்டும் அல்ல என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

என் தோட்டாப் பட்டை தெற்கத்தித் தோல் அல்ல. உட்புறத்தில் அம்புக்குறியும் அதனருகே ஐ என்ற எழுத்தும், கான்பூர் என்ற பெயரின் பாதியும், 1915 என்ற ஆண்டும் அச்சாகியிருக்கின்றன. கான்பூரில் கருவேலம்பட்டையில் பதனிடுவார்கள். அதன் துவர்ப்பும் ஆவாரத்தின் வகைதான். பட்டை 1903 மாதிரி. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்குப் பிறகு பிரிட்டிஷ் ராணுவம் கொண்டுவந்த அமைப்பு அது. காலாட்படைக்கு ஐந்து பைகள், ஐம்பது தோட்டா. குதிரை மேல் போகிறவனுக்கு முன்னால் ஐந்து, முதுகில் நான்கு என்று ஒன்பது பைகள், தொண்ணூறு தோட்டா. என்னுடையது ஒன்பது பை. முன்பக்கத்து மூன்றாவது பையின் மூடி மட்டும் மற்றவற்றைவிடத் தேய்ந்து, அதன் துளை நீண்டு கிழிசலின் விளிம்புக்கு வந்திருக்கிறது. கை போய் முதலில் திறக்கும் பை அதுதான் போலும். இந்தத் தேய்மானத்துக்காகத்தான் நான் பழைய தோலைச் சேர்க்கிறேன். அதை அழிக்கும் எந்த மருந்தும் எனக்கு மருந்து அல்ல.

இங்கே எண்ணெய்க்கு வருகிறேன். தோல் என்றால் எண்ணெய் குடிக்க வேண்டும், காய்ந்த தோல் தாகத்தில் இருக்கிறது என்ற நம்பிக்கை நம் வீடுகளில் மட்டும் அல்ல, சேணம் செய்பவர்களிடமும் குதிரை வைத்திருப்பவர்களிடமும் உலகம் முழுவதும் இருக்கிறது. தினமும் வெயிலிலும் வியர்வையிலும் உழைக்கும் சேணத்துக்கு அது சரி. அலமாரியில் படுத்திருக்கும் நூறு வயதுத் தோலுக்கு அது கேடு. நான் இதை அனுபவித்துத்தான் சொல்கிறேன். முதன்முதலில் என் கைக்கு வந்த கைத்துப்பாக்கி உறைக்கு மாட்டுக்கால் எண்ணெயை மூன்று முறை தடவினேன். அன்றைக்கு அழகாகத்தான் இருந்தது. ஆறு மாதத்தில் தேன் நிறம் போய்க் கருத்துவிட்டது. ஒரு வருடத்தில் மேலே வெள்ளையாகப் பூத்தது. மூடியின் பித்தளைக் குமிழைச் சுற்றிப் பச்சைக் களிம்பு கட்டியது. எண்ணெயின் கொழுப்பு அமிலம் பித்தளையிலுள்ள செம்போடு சேர்ந்து உண்டாக்கும் களிம்பு அது. அது தையல் நூலைத் தின்று இரண்டு தையல் விட்டுப்போனது. மழைக்காலம் வந்ததும் எண்ணெய்ப் பிசுக்கின் மேல் பூஞ்சை வேறு. உள்ளே போன எண்ணெயை வெளியே எடுக்க வழியே இல்லை. அந்த உறையை இன்றும் வைத்திருக்கிறேன். பழைய தோலுக்கு என்ன தடவலாம் என்று கேட்டு வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன். எண்ணெய் எந்த எண்ணெயாக இருந்தாலும் கதை இதுதான். தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய், விளக்கெண்ணெய் எதுவும் விதிவிலக்கு அல்ல.

க்ளூசெல் ஜி எண்ணெய் அல்ல, மெழுகும் அல்ல. ஹைட்ராக்ஸிபுரோப்பைல் செல்லுலோஸ் என்ற வெள்ளைத் தூள். மாத்திரை உருட்டுகிறவர்கள் மருந்துப் பொடியைப் பிணைக்கப் பயன்படுத்தும் சரக்கு. நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் செவ்வழுகல் பிடித்த தோலுக்கு இதை ஆல்கஹாலில் கரைத்துப் பூசுகிறார்கள். தண்ணீரிலும் கரையும். ஆனால் இந்த நோய் வந்த தோலில் தண்ணீர் படவே கூடாது. ஒரு சொட்டு விழுந்தாலும் அந்த இடம் கருத்து, இறுகி, ஓடு போல ஆகிவிடும். பிறகு திரும்பாது. தண்ணீரில் குழைத்துத் தேய்க்கும் சேணச் சோப்பு வேண்டாம் என்று நான் சண்டை போடுவது இதனால்தான். ஆல்கஹால் அப்படிச் செய்வதில்லை. தூளைச் சுமந்துகொண்டு நார்களுக்கு நடுவே இறங்கி, தான் மட்டும் ஆவியாகிவிடுகிறது. செல்லுலோஸ் மிச்சம் நின்று, உதிரப் பார்க்கும் நாரை நாரோடு கட்டிப்போடுகிறது. அவ்வளவுதான் இதன் வேலை.

வாங்கும்போது எழுத்தைக் கவனிக்க வேண்டும். ஜி என்பது பாகின் தடிமனைக் குறிக்கிறது. ஹெச் ரகம் கூழ் போல நிற்கும், தோலுக்குள் இறங்காமல் மேலேயே தோடு கட்டும். நான் முதலில் வாங்கிய இடத்திலிருந்து ரகம் குறிப்பிடாத ஒரு பொட்டலம் வந்தது. கரைத்துப் பார்த்ததும் கரண்டி நின்றது. தோலில் வைக்காமல் கொட்டிவிட்டேன். பிறகு காகிதப் பாதுகாப்புக்கான பொருட்கள் விற்கும் வெளிநாட்டுக் கடை ஒன்றிலிருந்து நூறு கிராம் வரவழைத்தேன். அனுப்பும் செலவோடு மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆனது. விலை அதிகம் என்று தோன்றலாம். தோட்டாப் பட்டை முழுவதற்கும் எனக்குச் செலவானது ஆறு கிராம். மூன்று வருடமாகப் பூசியும் டப்பாவில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. ஆல்கஹாலில் கரைத்துத் தயாராகப் புட்டியில் விற்பதும் உண்டு, செல்லுஜெல் என்ற பெயரில். இந்தியாவுக்கு அதை வரவழைப்பதைவிடத் தூளாக வாங்குவது நல்லது. எரியக்கூடிய திரவத்தைக் கூரியரில் அனுப்ப யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

எத்தில் ஆல்கஹால் சில்லறையாகக் கிடைக்காது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சோதனைக்கூடச் சரக்கு விற்கும் கடையில் கிடைக்கிறது. தூய்மை 99 சதவீதத்துக்கு மேல் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். கை துடைக்கும் எழுபது சதவீதப் புட்டியில் மீதி முப்பதும் தண்ணீர். நூறு மில்லிக்கு இரண்டு கிராம் என்பது என் கணக்கு. தூளை ஒரே தடவையாகக் கொட்டினால் கட்டி தட்டும். சுழலும் திரவத்தில் கோலமாவு விடுவது போலக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, மூடி, இரவு முழுவதும் விட்டால் காலையில் கண்ணாடி போலத் தெளிந்து நிற்கும். அதிலிருந்து பாதியை எடுத்து, அதே அளவு ஆல்கஹால் கலந்து இளக்கி, முதல் பூச்சை இளசாகவே கொடுக்கிறேன். இளசாக இருந்தால் ஆழம் போகும். மறுநாள் இரண்டாம் பூச்சு முழுத் தடிமனில். ஜன்னல்களைத் திறந்து வைத்து, வீட்டில் அடுப்பு, விளக்கு எதுவும் எரியாத நேரத்தில்தான் இந்த வேலை.

பூசுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அதை அவசரப்படுத்தினால் எல்லாம் வீண். ஆட்டுமுடித் தூரிகையால் தூசியைத் தட்டி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. முகமூடி அணிந்துகொள்ளுங்கள், அந்தச் செந்தூள் தொண்டையைக் கரகரக்க வைக்கும். பிறகு உட்புறத்தைப் பூதக்கண்ணாடியால் அங்குலம் அங்குலமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் ஆல்கஹால் மையைக் கரைக்கும். அழுத்தி அடித்த முத்திரைக்கு ஒன்றும் ஆகாது. மையால் எழுதிய எண் போய்விடும். என் தோட்டாப் பட்டையின் முதுகுப் பக்கத்தில், மடிப்புக்கு உள்ளே, ஊதா மையில் நான்கு இலக்கம் இருந்தது. ஒரு படைவீரனின் எண். அவன் பெயர் எங்கும் இல்லை. நூற்றுப்பத்து வருடத்துக்கு முன் இதைத் தோளில் மாட்டிக்கொண்டவன் விட்டுப்போனது அந்த நான்கு இலக்கம் மட்டும்தான். அதைச் சுற்றி இரண்டு விரல் அகலம் விட்டுவிட்டுத்தான் பூசினேன். அந்த இடத்தில் தோல் இன்னும் உதிரத்தான் செய்கிறது. அதற்குத் தெரிந்தே சம்மதித்தேன்.

கறுப்புச் சாயம் ஏற்றிய தோலிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பஞ்சு நுனியில் ஒரு துளி ஆல்கஹால் எடுத்து, கண்ணுக்குப் படாத மூலையில் தொட்டுப் பாருங்கள். பஞ்சில் கறுப்பு ஏறினால் அங்கே க்ளூசெல் வேண்டாம்.

இனி முடிவுகள். ஈரமாக இருக்கும்போது தோல் கருத்துத் தெரியும். பயப்பட வேண்டாம், ஒரு மணி நேரத்தில் பழைய நிறத்துக்குத் திரும்பிவிடுகிறது. தோட்டாப் பட்டை இரண்டாம் பூச்சுக்குப் பிறகு காய்ந்ததும் வெள்ளை வேட்டித் துணியால் ஒத்தி எடுத்தேன். துணியில் ஒன்றும் இல்லை. பூசுவதற்கு முந்தின வாரம் இதே போல ஒற்றியபோது, செம்மண் சாலையில் நடந்த கால் பட்டது போலத் துணியில் கறை இருந்தது. நிறம் மாறவில்லை. வாசனை மாறவில்லை. தொட்டால் பிசுக்கு இல்லை. தேய்மானம், கீறல், மூன்றாவது பையின் நீண்ட துளை எல்லாம் இருந்தபடியே இருக்கின்றன. அலமாரிப் பொருளாக அதைக் கையில் எடுத்துக் காட்ட முடிகிறது. இதற்கு முன் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் கொஞ்சம் குறைந்துகொண்டிருந்த பொருள் அது.

ஆனால் இது செய்யாததையும் சொல்ல வேண்டும். அமிலத்தை இது போக்குவதில்லை. அழுகல் நிற்காது, அழுகியது கொட்டாமல் இருக்கும். அறுந்த வாருக்கு வலு தராது. வளைந்து இறுகிய வாரை நிமிர்த்த முயன்றால் க்ளூசெல் பூசிய பிறகும் முறியும். என் தொலைநோக்கிப் பெட்டியின் தோள்வார் அப்படித்தான் இருக்கிறது, வளைந்த நிலையிலேயே படுக்க வைத்திருக்கிறேன். மூன்றாம் பூச்சு ஆசையில் கொடுத்தால் பிளாஸ்டிக் போல மினுமினுக்கும். எண்ணெய் குடித்த தோலில் இது உள்ளே இறங்காமல் திட்டுத் திட்டாக நிற்கும். நல்ல நிலையில், நார் இறுகி, மேல்தோல் வழவழப்பாக இருக்கும் பொருளுக்கு இது தேவையே இல்லை. என் சாம் பிரவுன் கச்சைகள் இரண்டுக்கும் நான் இதைத் தொடவில்லை.

அந்தக் கச்சையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. சாம் பிரவுன் இந்தியாவில் பணியாற்றிய குதிரைப்படை அதிகாரி. 1858-இல் நடந்த சண்டையில் இடது கையை இழந்தார். வாளை உருவும்போது உறையைப் பிடிக்க இடது கை வேண்டும். அது இல்லாததால் தோளிலிருந்து குறுக்கே ஒரு வாரைப் போட்டு உறை ஆடாமல் நிற்கும்படி அமைத்துக்கொண்டார். ஒரு கை இழந்தவரின் தேவைக்காகப் பிறந்த வார் உலகப் படைகள் பலவற்றின் அதிகாரிகளுக்கு அடையாளமாகிவிட்டது. என்னிடம் உள்ளதில் ஒன்றின் இடுப்பு வாரில், வரிசையாக அச்சில் போட்ட துளைகளைத் தாண்டி, ஆணியால் குத்தியது போன்ற கோணலான ஒரு துளை இருக்கிறது. பக்கிளின் முள் பட்டுப் பட்டு அந்தத் துளையின் ஓரம்தான் அதிகம் மழுங்கியிருக்கிறது. வாங்கியபோது இருந்த இடுப்பைவிட, அதைக் கட்டியிருந்த அதிகாரி இளைத்துவிட்டார்.

இந்தக் கச்சைகளுக்கும், க்ளூசெல் காய்ந்த பொருட்களின் பித்தளைப் பகுதிகளுக்கும் நான் போடுவது ரினைசான்ஸ் வேக்ஸ். 1950-களில் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவான நுண்படிக மெழுகு. இதில் அமிலம் இல்லை என்பதுதான் பெரிய விஷயம். தேன்மெழுகு போன்ற இயற்கை மெழுகுகளில் இருக்கும், அல்லது நாளாவட்டத்தில் உண்டாகும் அமிலமே பித்தளையில் களிம்புக்கு வழி செய்யும். மிகக் கொஞ்சமாக, சுண்டுவிரல் நுனியில் ஒட்டும் அளவு எடுத்து, பருத்தித் துணியில் பரப்பி, லேசாக ஓட்டிவிட்டு உடனே துடைத்துவிட வேண்டும். தையல் ஓரத்தில் தங்கினால் வெள்ளையாக உறைந்து கண்ணை உறுத்தும். பொரிந்த தோலின் மேல் நேராகப் போடக் கூடாது, துணி இழுத்தாலே மேல்தோல் பெயர்ந்து வரும். 200 மில்லி டப்பா நான்காயிரம் ரூபாயை நெருங்கியது. அடுத்த தலைமுறைக்கும் வரும். பக்கிள்களில் ஏற்கெனவே கட்டிய களிம்பை மூங்கில் பல்குத்தியால் சுரண்டி எடுத்துவிட்டுப் பிறகு மெழுகு போடுகிறேன். புளி போட்டுத் துலக்குவது குத்துவிளக்கோடு நிற்கட்டும். புளியின் அமிலமும் தண்ணீரும் இரண்டும் தோலுக்குள் இறங்கும்.

இரண்டையும் வாங்க முடியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை வாங்கி அலமாரியில் வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஐம்பது சதவீதத்தை ஒட்டி நின்றால் தோல் நிம்மதியாக இருக்கும். எழுபதைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை நிச்சயம். சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் சிலிக்கா ஜெல் இல்லாமல் முடியாது. பொருளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். கஞ்சி போக நன்றாக அலசிய பழைய வேட்டியில் சுற்றி, வாரைச் சுருட்டாமல் நீளமாகக் கிடத்துங்கள். இதற்குக் காசே வேண்டாம்.

பூசுவதற்கு ஏற்ற மாதம் எங்கள் ஊரில் மாசி. ஆல்கஹால் ஆவியாகும்போது தோல் குளிர்கிறது. காற்றில் ஈரம் இருந்தால் அது அங்கேயே படிந்து பூச்சு பால் போல வெளுக்கும். ஒரு மார்கழியில் அவசரப்பட்டு ஒரு சிறிய உறையில் அந்த வெளுப்பைப் பார்த்துவிட்டேன். வெறும் ஆல்கஹாலைத் தொட்டு ஒற்றியதும் தெளிந்தது. எண்ணெயைப் போல அல்லாமல், வெளியே தெரியும் பிழையைத் திருத்திக்கொள்ள இதில் இடம் இருக்கிறது.

தோட்டாப் பட்டையின் முதுகுப் பக்கத்து நான்கு பைகளில் கடைசிப் பையை மட்டும் மூன்று வருடமாகப் பூசாமல் விட்டு வைத்திருந்தேன், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. அதன் கீழே விரித்த வெள்ளைத் துணியில் ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் சிவப்புத் தூள் விழுந்திருந்தது. மற்ற எட்டுப் பைகளின் கீழே துணி வெள்ளையாகவே இருந்தது. ஒப்பிட்டது போதும். வரும் மாசியில் அந்தப் பைக்கும் பூசிவிடப் போகிறேன்.